ஸ்டியரிங் பிடித்த பலாப்பழம்

பலாப்பழம் அறுக்கிற வாசனை வந்தால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு மட்டும் வாய்க்கால் ஓரம் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும் ஒரு வேன் ஞாபகத்துக்கு வரும். போன ஞாயிற்றுக்கிழமைகூட அப்படித்தான் ஆயிற்று. பண்ருட்டியிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து போட்ட பழத்தை என் மனைவி கூடத்தில் செய்தித்தாள் விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பழத்தப் பாத்து எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"இது மாதிரி ஒண்ணு வண்டியில ஸ்டியரிங்க புடிச்சிகினு உக்காந்திருந்துச்சு" என்றேன்.

"இன்னிக்கு வெயிலு ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு அவள் சுளை எடுப்பதில் மும்முரமாகிவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்திய கதை அது. அவளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாயிரத்து நான்கில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்வேயரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். சர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சார் அடிபட்ட வண்டிகளைப் பார்க்கிறவர். எங்காவது லாரி கவிழ்ந்தால், கார் புளியமரத்தை முட்டினால், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சாருக்கு ஃபோன் வரும். சார் முன்னால் போவார், நான் கேமராவோடு பின்னால் போவேன். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, நம்பர் பிளேட். அப்புறம் நசுங்கிய இடம் ஒவ்வொன்றும் கிட்டத்தில். கடைசியாக, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் எப்படியோ, எங்கள் தொழிலில் வண்டியை இன்னும் தூக்காமல் கிடக்கிற நேரம் அப்படி. கிரேன் வந்து தூக்கிவிட்டால் போச்சு, அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் ஃபிலிம் கேமராதான். அடுத்த வருஷம் சார் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். சோப்புப் பெட்டி அளவில் வெள்ளியாகப் பளபளத்தது. "புள்ள மாதிரி பாத்துக்கணும்டா" என்று என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிள்ளையைவிட நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஆபீசில் பூட்டு சரியில்லை என்று ஒரு காரணம் சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போவேன். திங்கட்கிழமை காலையில் திரும்ப மேசையில் வைப்பேன். நடுவில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அது என்ன செய்கிறது என்று சார் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கேமராவுக்குப் பென்சில் பாட்டரி நான்கு வேண்டும். காலையில் போட்டால் பதினோரு மணிக்குக் கண்ணை மூடிவிடும். பாட்டரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பரபரவென்று தேய்த்துத் திரும்பப் போட்டால் இன்னும் மூன்று படம் கொடுக்கும். இந்த வித்தையை நான் சிதம்பரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தபோதுதான், பக்கத்து சீட்டில் இருந்தவர் தன் பையிலிருந்து இரண்டு பாட்டரியை எடுத்து நீட்டினார். "சார்ஜ் ஏத்துனது. போடுங்க. எத்தினி மெகாபிக்சலு?" என்று கேட்டார். ஜாதகம் கேட்கிற மாதிரி இருந்தது. "மூணு" என்றேன். "நமக்கு நாலு" என்று தன் கேமராவைக் காட்டினார். அதற்குப் பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் எப்போது தாண்டியது என்று தெரியவில்லை.

அவர்தான் இருதயராஜ். கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குவைத்தில் நர்ஸாக இருந்த அக்கா அனுப்பிய கேமரா அவருடையது. சிதம்பரம் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த மன்சூர் பாயிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பாராம். "நீங்களும் வாங்க" என்றார். அன்றைக்கே போனேன். மாலைக்குள் 'நீங்க' போய் 'மச்சான்' வந்துவிட்டது. மன்சூருக்கும் ஒரு கேமரா இருந்தது, சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்தது. ஆக மூன்று பேர், மூன்று கேமரா. ஆனால் பாருங்கள், மூன்றுக்கும் மூன்று விதமான மெமரி கார்டு. ஒருவன் கார்டு இன்னொருவன் கேமராவில் நுழையாது. மன்சூரிடம் பல வாய் உள்ள ஒரு ரீடர் இருந்ததால்தான் எங்கள் சங்கமே நடந்தது.

சங்கம் என்றால் பெயர் கிடையாது, பலகை கிடையாது. காலையில் எங்காவது போய் எடுப்போம். தேவனாம்பட்டினம் கடற்கரை, முதுநகர் துறைமுகம், பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, ஒன்றுமில்லாவிட்டால் சிதம்பரம் நான்கு வீதியும் சுற்றி வருவோம். கொத்சு ஊற்றி இட்லி சாப்பிடுவோம். அதையும் படம் எடுப்போம். பொத்தானை அழுத்தினால் அந்தக் காலத்துக் கேமரா உடனே எடுக்காது. கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்கும். பறக்கிற கொக்கை எடுக்கப் போய் வெறும் வானத்தை எடுத்த படம் மூன்று பேரிடமும் கட்டுக்கட்டாக இருந்தது. ஓடி வருகிற குழந்தையை எடுத்தால் குழந்தையின் ஒரு செருப்பு மட்டும் ஓரத்தில் விழும். எப்படி ஒரு அரை நொடி முன்னால் அழுத்துவது என்று இருதயராஜ் எங்களுக்குக் கணக்குப் பாடம் மாதிரி சொல்லிக்கொடுப்பார். அவர் படத்திலும் செருப்புதான் விழும்.

மதியத்துக்கு மேல் மன்சூரின் மாடிக்கு வந்து சேருவோம். அங்கேதான் 'கழிப்பு' நடக்கும்.

திருஷ்டி கழிப்பது கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் கழிப்பு வேறு. கார்டில் இடம் கொஞ்சம். கையில் இருந்த கார்டைக் காலி செய்தால்தான் அடுத்த வாரம் படம். எல்லாவற்றையும் சிடியில் எழுதி அடுக்க முடியாது. ஆகையால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். ஆனால் தன் படத்தைத் தானே அழிக்கச் சொன்னால் எவன் அழிப்பான்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனவே மன்சூர் ஒரு சட்டம் போட்டார். என் கார்டை இருதயராஜ் கழிப்பார், இருதயராஜ் கார்டை மன்சூர், மன்சூர் கார்டை நான். கழிக்கிறவன் வைத்தது படம், அழித்தது குப்பை. அப்பீல் கிடையாது. கார்டின் சொந்தக்காரன் திரைப்பக்கமே வரக்கூடாது, வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்போம்.

இருதயராஜ் கழிப்பில் கருணையே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்துகிற கை. என் முதல் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது சூரியனா, யாராச்சும் டார்ச் அடிச்சாங்களா?" என்று கேட்டார். நாற்பது படம் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு மிஞ்சும். சில வாரம் ஒன்றும் மிஞ்சாது. "இந்த வாரம் ஃபெயிலு. டீ வாங்கிக் குடு" என்பார். வயிறு எரியும். ஆனால் மிஞ்சிய அந்த இரண்டைப் பெரிய திரையில் மூன்று பேரும் நின்று பார்ப்போம் பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

என் படங்களில் இரண்டு வியாதி இருந்தது. ஒன்று, கேமராவில் தேதி விழுவதை நிறுத்தக்கூடாது என்பது சார் உத்தரவு. பிச்சாவரத்துக் கொக்காக இருந்தாலும் சரி, தில்லைக்காளி கோவில் வாசல் பூக்காரம்மாவாக இருந்தாலும் சரி, வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி எரிந்துகொண்டிருக்கும். இரண்டாவது, கைப்பழக்கம். எதைப் பார்த்தாலும் முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என்று எடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். மன்சூரின் சொந்தக்காரப் பெண் நிக்காஹ்வில் மாப்பிள்ளையை நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டேன். "ஏன்டா, மாப்பிள்ளைக்கு நம்பர் பிளேட்டு எடுக்கலையா?" என்று இருதயராஜ் கேட்டதில் மன்சூர் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், சிரியுங்கள். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், ஆனி மாதம். சார் ஒரு வேலையாகச் சென்னை போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். சனிக்கிழமை மதியம் ஃபோன் வந்தது. புவனகிரிக்கு இந்தப் பக்கம் பலாப்பழம் ஏற்றிவந்த வேன் ஒன்று வாய்க்கால் ஓரம் சாய்ந்துவிட்டது. சார் சென்னையிலிருந்தே என்னிடம், "நீயே போய் எடுத்துடுறா. எல்லாக் கோணமும் வேணும்" என்றார். தனியாக நான் போகிற முதல் வண்டி அது. சட்டையை இன் செய்துகொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால், வேன் ஒருக்களித்துத் தூங்குகிற மாதிரி கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. ஓட்டிவந்தவரும் வண்டிக்குச் சொந்தக்காரரும் ஒருவரேதான். கலியமூர்த்தி என்று பெயர். நாற்பது வயது இருக்கும், முழங்கையில் துணி சுற்றியிருந்தார். மாடு குறுக்கே வந்து திருப்பினாராம். ரோடு முழுக்கப் பழம். விழுந்து வெடித்த பழங்களின் வாசனை அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே எனக்கு வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சுளை தின்றுகொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி அதையும் தடுக்கவில்லை, "கெட்டுப் போறத்துக்குத் தின்னுட்டுப் போவட்டும்" என்றார்.

நான் முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என்று ஆரம்பித்தேன். அவர் என் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, நல்லா எடுங்க. இந்த வண்டி ஓடுனாத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியும்."

"அண்ணே, கவலப்படாதீங்க. எல்லாம் எடுத்தாச்சு. நீங்க வண்டியத் தூக்கிச் சிதம்பரம் ஷெட்டுக்கு வுட்டு, வேலைய ஆரம்பிச்சுடுங்க" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. சார் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. தனியாக வந்த திமிர், வேறென்ன? மனுஷன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஒரு பழத்தைத் தூக்கி என் பைக்கில் கட்டிவிட்டார்.

வழக்கமாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போவேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. திங்கட்கிழமை ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழத்தைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனேன். செவ்வாய்க்கிழமை தேர். கீழ வீதியில் தேருக்குச் சாரம் கட்டித் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பத்துப் பன்னிரண்டு எடுத்தேன். மதியம் கார்டை எடுத்து இருதயராஜ் கையில் வைத்துவிட்டு, வராந்தாவில் மன்சூரோடு உட்கார்ந்து பழம் அறுத்தேன். செவ்வாய்க்கிழமை யார் எந்த மாடியில் நின்று தேரை எடுப்பது என்று பெரிய விவாதம். கார்டில் வேன் இருக்கிறது என்பது சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை.

உள்ளேயிருந்து இருதயராஜ் கத்தினார். "மச்சான்! ஓடியா!"

ஓடினேன். திரையில் ஒரே ஒரு படம். உடைந்த கண்ணாடி வழியாக வேனின் உள்பக்கம். ஓட்டுநர் இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு முழுப் பலாப்பழம் கச்சிதமாகச் சிக்கியிருக்கிறது. கண்ணாடிச் சில்லெல்லாம் வெயிலில் மின்னுகிறது. பழம் ரொம்பக் கவனமாக வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது.

"இத்தினி நாள்ல நீ எடுத்த ஒரே படம்டா இது" என்று இருதயராஜ் என் முதுகில் ஒரு அறை விட்டார். "தேதி கூட அழகா இருக்கு மச்சான்!"

எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை! கார்டை வாங்கிக் கேமராவில் போட்டு, டீ கிளாஸோடு நிற்கிற இருதயராஜை இரண்டு படம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மெதுவாக உறைத்தது.

"மச்சான், மத்த படம்லாம்?"

"எதுடா? அந்த பம்பரு, டயரு, சைடு? தூக்கிட்டேன். ஒரே வண்டிய முப்பத்தாறு எடுத்திருக்க."

கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்தாலாவது குப்பைத்தொட்டியில் கிடக்கும், தேடி எடுக்கலாம். கார்டிலேயே அழித்தால் அதுகூடக் கிடையாது. நான் போட்ட சத்தத்தில் உள்ளே மெயில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

"அது ஆபீஸ் படம்டா! உன்ன யாருடா அழிக்கச் சொன்னது?"

இருதயராஜ் முகம் செத்துப்போயிற்று. "நீதான மச்சான் குடுத்த?" என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீ கல்யாணத்தையே அப்படித்தான் எடுப்ப. இது ஆபீசுக்கு எடுத்தது, இது ஆசைக்கு எடுத்ததுன்னு நான் எப்படிடா கண்டுபுடிக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் நியாயத்தைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. எனக்குக் கலியமூர்த்தியின் முழங்கைதான் கண்ணுக்குள் நின்றது. வண்டியைத் தூக்கியாயிற்று. அது எப்படிக் கிடந்தது என்று சொல்ல ஒரு பலாப்பழத்தைத் தவிர என்னிடம் சாட்சி இல்லை. அதில் நம்பர் பிளேட்டும் இல்லை, சக்கரமும் இல்லை. கம்பெனிக்காரன் அதைப் பார்த்துவிட்டு எதற்குப் பணம் கொடுப்பான்? என் வேலை போவது அப்புறம். அந்த மனுஷன் வீட்டு அடுப்பில் நான் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

மன்சூர்தான் முதலில் தெளிந்தார். என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். "யாரும் தொடாதீங்க. அழிச்சது உள்ளதான் இருக்கும். புதுசா ஒரு படம் எடுத்தா அது மேல போய் உக்காந்துக்கும். ஏற்கெனவே ரெண்டு எடுத்துட்ட. இனிமே ஒண்ணுகூட எடுக்கக் கூடாது" என்றார். கார்டை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துத் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

அழித்ததை மீட்டுக் கொடுக்கிற சாஃப்ட்வேர் நெட்டில் கிடைக்கும் என்றார். கிடைத்தது. ஆனால் அன்றைய நெட் வேகம் உங்களுக்குத் தெரியுமே. நூற்றுக்கு எண்பது வரை இறங்கியபோது கரண்ட் போயிற்று. திரும்ப முதலிலிருந்து. திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஒருவழியாக இறங்கி, கார்டைத் துழாவி, வேனைத் தபால்தலை அளவில் வரிசையாகக் காட்டியது! துள்ளிக் குதித்தேன். சேமிக்கப் போனால், "இது மாதிரிப் பதிப்பு, பார்க்க மட்டும்தான் முடியும்" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. கண்ணாடி அலமாரிக்குள் ஜிலேபியை வைத்துப் பூட்டிய கதை. அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் படிக்கிற ஒரு பையனிடம் அந்த சாஃப்ட்வேரின் முழு சிடி இருக்கிறதாம். பையன் ஊருக்குப் போயிருக்கிறான், தேர் முடிந்து புதன்கிழமைதான் வருவான்.

செவ்வாய்க்கிழமை தேர். வருஷம் முழுக்க நாங்கள் காத்திருந்த நாள். மன்சூர் மட்டும் கடை மாடியிலிருந்து எடுத்தார். என் கேமராவில் கார்டே இல்லை. இருதயராஜ் கார்டு இருந்தும் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். "உன்னுது இல்லாம நான் மட்டும் எப்படி எடுக்கிறது?" என்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் தெற்கு வீதி முனையில் நின்றோம். கேமரா இல்லாமல் தேர் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டம் தள்ளியதில் வடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டோம். "நான் புடிக்கலாமா?" என்று இருதயராஜ் காதோரம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முன்னால் நின்ற ஒரு அம்மா, "சும்மா நின்னுகினு இருக்கியே, புடிப்பா!" என்று வடத்தை அவர் கையில் திணித்துவிட்டார். பிடித்தார். நானும் பிடித்தேன். உள்ளங்கை எரிய எரிய மேல வீதி வரை இழுத்தோம்.

அங்கேதான் கலியமூர்த்தி எதிரே வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் பிள்ளை.

"தம்பி! படம்லாம் நல்லா வந்துச்சுங்களா? நீங்க சொன்ன மாதிரியே ஷெட்டுல வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. டிங்கர் முன்பக்கத்த அடிச்சு நிமுத்திட்டாரு."

ஷெட்டிலாவது போய் நசுங்கலை எடுக்கலாம் என்று நான் வைத்திருந்த கடைசி நம்பிக்கையும் அதோடு போயிற்று. "நல்லா வந்துச்சுண்ணே" என்றேன். சாமி தேரில் போகிறது, எதிரே நின்று பொய் சொல்கிறேன். அவர் பிள்ளையிடம், "சாருக்கு வணக்கம் சொல்லு" என்றார். அது கையைக் குவித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தேர்ப் புழுதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் சிடி வந்தது. மன்சூர் பிஸ்மில்லா சொல்லிப் போட்டார். நானும் இருதயராஜும் வராந்தாவில் நின்றோம், வழக்கப்படி. உள்ளேயிருந்து மன்சூர் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தார். "டயரு வந்துச்சு!" "பின்பக்கம் வந்துச்சு!" "பம்பரு வந்துச்சு மச்சான்!" ஒரு பம்பருக்காக மூன்று பேர் அப்படிக் கூத்தாடியதை அந்த மாடி அதற்கு முன்னும் பார்த்திருக்காது, பின்னும் பார்த்திருக்காது. முப்பத்தாறில் முப்பத்து மூன்று முழுசாக வந்தன. இரண்டு வரவே இல்லை. முன்பக்கத்து நம்பர் பிளேட் படம் மேல்பாதி வந்து, கீழ்ப்பாதி சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. மூன்றும் போனது சந்தோஷத்தில் நான் எடுத்த அந்த இரண்டு டீ கிளாஸ் படத்தால்தான். நல்லவேளை, பின்பக்கத்து நம்பர் இருந்தது. பென்சிலில் தேய்த்த தாளும் என் பையில் பத்திரமாக இருந்தது.

வியாழக்கிழமை சார் வந்து படங்களைப் புரட்டினார். பாதி சாம்பலில் நிறுத்தினார். "என்னடா இது?"

ஒன்று விடாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகள், கழிப்பு, வேலையை ஆரம்பிக்கச் சொன்ன திமிர், எல்லாம். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவன்டா அவன், உன் படத்துலேருந்து ஒண்ணு மட்டும் தேறும்னு சொன்னவன்? அத காட்டு" என்றார். பலாப்பழத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஷெட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, தான் வந்து பார்க்கிற வரை வேலையை நிறுத்தச் சொல்லி, என்னை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவு திட்டிவிட்டு, அந்தப் படத்தையும் ஃபைலில் முதலாவதாக வைத்தார். கம்பெனியில் அதைப் பார்த்தவர்கள், டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்களாம். கிளெய்ம் பாஸானது. ஆவணி பிறக்கும் முன் வேன் ரோட்டுக்கு வந்துவிட்டது. கலியமூர்த்தி அந்தப் படத்தில் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, திருஷ்டிக்கு என்று வண்டி முகப்பில் ஒட்டிக்கொண்டார். வடலூர் ரோட்டில் என்னைக் கண்டால் ஹாரனை அழுத்தியபடியே போவார்.

எல்லாம் சுபம். ஆனால் இருதயராஜ் அதற்குப் பிறகு கழிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்டைக் கொடுத்தேன். போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு மச்சான்" என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் அதேதான். அவர் விட்டதும் மன்சூரும் விட்டார், நானும் விட்டேன். சட்டம் போன சத்தமே கேட்கவில்லை. அப்புறம் பெரிய கார்டு வந்தது, அழிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. முன்னூறு, நானூறு என்று எடுத்துக்கொண்டு வந்து வேகமாகத் தள்ளிப் பார்ப்போம். "சூப்பர்." "செம." திரை முன்னால் மூன்று பேரும் நின்று ஒரு படத்தைப் பார்ப்பது குறைந்தது. பிரௌசிங் சென்டர் ஜெராக்ஸ் கடையானது, பிறகு ரீசார்ஜ் கடையானது. ஃபோனிலேயே கேமரா வந்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இருதயராஜுக்குத் திருச்சிப் பக்கம் மாற்றலானது. கிளம்புவதற்கு முந்திய ஞாயிறு மூன்று பேரும் மன்சூரின் மாடியில் கூடினோம். நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். கார்டில் இருநூறு படம். நடுவில் வேண்டுமென்றே ஒன்று, லென்ஸை என் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எடுத்தது. வெறும் சிவப்பு.

"மச்சான், போறத்துக்கு முன்னாடி ஒரு தடவ கழிச்சிக் குடு" என்றேன். "அன்னிக்குக் கத்துனது தப்புடா. நான்தான் குடுத்தேன்." ஆறு வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

"அத இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?" என்று சிரித்தார். மன்சூரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பழைய இடத்தில் வராந்தாவில் நின்றேன். ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்தார். அரை மணி நேரம் இருக்கும். வெளியே வந்து கார்டை என் கையில் வைத்தார்.

"எத்தினி மச்சான் தூக்குன?"

"ஒண்ணும் தூக்கல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அந்தக் கட்டவிரல் கூடவா?"

"இருக்கட்டும் மச்சான். எது யாருக்கு வேணுமோ, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். இது நல்லா இல்லடா என்று என் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைக்கவே இல்லை.